நாளை என்று வைத்த வேலைகள்

ஐப்பசி பிறந்து மழை வலுத்துவிட்டால் குழித்தறிகளில் நீர் ஊறுகிறது. கால் வைக்க வேண்டிய குழியில் தண்ணீர் நிற்கையில் மிதியை மிதிப்பது எங்ஙனம்? தெருவில் பாவு நீட்டுவதும் இயலாது. காஞ்சிபுரம் முதலிய ஊர்களில் ஆண்டுதோறும் நேரும் இவ்விடையூறு நமக்குப் புதிதன்று. கூலி குறையும் அந்நாட்களைப் பற்றி நம் நெசவாளர் வருந்துவது நியாயமே. ஆயினும், அத்தகைய நாட்களிலேனும் முடித்துவிடத்தக்க காரியங்கள் பல, ஒவ்வொரு வீட்டின் தகரப் பெட்டியிலும் ஆண்டுக்கணக்காகக் காத்துக் கிடக்கின்றன என்பதை அங்கத்தினர்களுக்கு நினைவூட்டுதல் நம் கடமையாகும்.

தறியைப் பற்றிய வேலைகளை நாம் இங்குக் குறிப்பிடவில்லை. நைந்த விழுதையும் பல் வளைந்த அச்சையும் எவரும் நெடுநாள் விட்டுவைப்பதில்லை. அச்சின் பல் ஒன்று வளைந்தால் துணியில் கோடு விழும். சங்கத்தில் துணியைப் பார்ப்பவர் அதைக் கண்டு கூலியைக் குறைப்பார். உழவர் நிலையும் அதுவே. மடை உடைந்தால் அன்றிரவே மண்வெட்டியுடன் செல்கிறார். கருவி பழுதானால் அன்றே நட்டம் தெரிகிறது. காகிதம் பழுதானாலோ அந்நட்டம் பத்தாண்டு கழித்து, பெரும்பாலும் வேறொருவர் தலையில் வந்து விழுகிறது. நாம் ஒத்திவைக்கும் வேலைகளில் மிகப் பல இவ்வகையினவே.

இறப்பைப் பதிவு செய்தலை எடுத்துக்கொள்வோம். 1969 ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால் கட்டணம் இல்லை. 30 நாட்களுக்குள் எனின் சிறு தாமதக் கட்டணத்தோடு முடிந்துவிடும். அதனையும் கடந்து ஓராண்டுக்குள் என்றால் உரிய அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். ஓராண்டும் சென்றுவிட்டாலோ நடுவரின் உத்தரவு பெற்றாக வேண்டும். மருத்துவமனையில் நேரும் இறப்பை அவ்விடத்தாரே தெரிவித்துவிடுவர். வீட்டில் இறந்த முதியோர் விஷயத்திலேதான் தவறு நேர்கிறது. கருமாதிக்கு உறவினரெல்லாரையும் தேடித் தேடி அழைத்தவர்கள், கிராம அலுவலகத்துக்கு ஒரு நடை போக மறந்துவிடுகின்றனர். பின்னர் வாரிசுச் சான்று கோரி வட்டாட்சியர் அலுவலகம் செல்கையில் முதற்கேள்வி இறப்புச் சான்று எங்கே என்பதாகவே இருக்கிறது.

அடுத்தது நியமனதாரர் விஷயம். இதுவே நம் சங்கங்களை நேராகப் பற்றியது. நாமறிந்த சங்கமொன்றில் ஏறத்தாழ நாற்பதாண்டு நெய்த ஓர் அங்கத்தினர் காலமானார். பங்குத் தொகையும் வைப்பும் சேர்ந்து பெருந்தொகையன்று. ஆனால் அது பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு ஆனி மாதத்திலேயே தேவைப்பட்ட பணம். பேரேட்டைப் புரட்டினால், மணமாகுமுன் அவர் எழுதிய பெயர் தாயாருடையது. அத்தாயார் மகனுக்கு முன்பே மறைந்தவர். மனைவியின் பெயர் எங்கும் இல்லை. காரியதரிசி நல்லவர்தாம், எனினும் விதியை மீறி அவரால் பணம் கொடுக்க இயலுமா? வாரிசுச் சான்று வந்து தொகை கைக்குச் சேர்வதற்குள் அந்த அம்மையார் கடன் வாங்கிக் கட்டணம் கட்டியாயிற்று. வட்டியும் அவரையே சேர்ந்தது. கணவர் ஒரு படிவத்தில் ஒரு வரியைத் திருத்தியிருந்தால் போதும்.

வங்கிகளிலும் இதே கதைதான். பத்தாண்டு கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்புகள், 2014 இல் தொடங்கிய திட்டப்படி ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்கு மாற்றப்படுகின்றன. 2023 பிப்ரவரி இறுதிக்குள் பொதுத்துறை வங்கிகள் மட்டும் அவ்வாறு மாற்றிய தொகை ஏறத்தாழ 35,000 கோடி ரூபாய். உரியவர் பின்னரும் கேட்டுப் பெறலாம் என்பது உண்மையே. ஆனால் தந்தைக்கு எந்த ஊர் வங்கியில் கணக்கிருந்தது என்பதே அறியாத மகன் எதைக் கேட்பான்? 2025 நவம்பர் முதல் தேதியிலிருந்து வங்கிக் கணக்குக்கு நால்வர் வரை நியமனம் செய்யலாம் என விதி தளர்ந்துள்ளது. ஒருவர் பெயரையே எழுதாதோர்க்கு நால்வர்க்கு இடம் தந்து ஆவதென்ன என்று கேட்கத் தோன்றுகிறது! நிற்க, வங்கி வைப்பில் நியமனம் பெற்றவர் பணத்தை வாங்கும் தகுதி உடையவரே ஆவார். அதனால் மற்ற வாரிசுகளின் உரிமை அற்றுப்போவதில்லை. இதை அறியாமல், ஒரு மகன் பெயரை எழுதினால் மற்றவன் மனம் நோவானே என்று அஞ்சி எவர் பெயரையும் எழுதாது விட்டோர் உண்டு.

நிலத்துக்கு வருவோம். பாட்டனார் பெயரிலேயே பட்டா நிற்க, பேரன்மார் மூவர் உழுது வருவது நம் ஊர்களில் சாதாரணம். 2019 இல் உழவர்க்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் மத்திய அரசுத் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, நில ஆவணத்தில் பெயருடையோர்க்கே அது உரியதாயிற்று. உழைப்பவர் வயலில் நின்றார். பெயரோ சுடுகாடு சென்றவருடையதாக இருந்தது. பயிர்க்கடன் கேட்டு நம் சங்கங்களுக்கு வருகையிலும் இத்தடை எழுகிறது.

வள்ளுவர் மடியின்மை என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயினும் நம் அங்கத்தினரை மடியர் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. விடியுமுன் எழுந்து தார் சுற்றும் வீட்டாரையா சோம்பர் என்பது? துணிக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவர் அரை நாள் அலுவலகம் சென்றால் அரை நாள் கூலி போயிற்று. அங்கே அதிகாரி இல்லையென்றால் மறுநாளும் போயிற்று. இஃதொரு காரணம். மற்றொன்றை வெளிப்படையாகப் பேசுவோர் குறைவு. நியமனதாரரை எழுதுவதென்றால் தம் சாவை எண்ணிப் பார்க்க வேண்டும். அதை அபசகுனம் என்று கருதுகின்றனர். பட்டாவைப் பிரிப்பதென்றால் தமையனிடம் பாகம் கேட்க வேண்டும். அதைச் சண்டைக்கு அழைப்பதாகக் கருதுகின்றனர். உண்மையில், அண்ணன் தம்பி ஒற்றுமையாக இருக்கும்போதே எல்லை பிரிப்பது எளிது. அவர்கள் பிள்ளைகள் காலத்தில் அது வழக்காகிவிடும்.

ஆதலின், நினைவூட்டி அறிவுரை கூறுவதால் மட்டும் இவ்வேலைகள் நடந்துவிடும் என நாம் நம்பவில்லை. ஏரியும் வாய்க்காலும் தூர்ந்தபோது நம் முன்னோர் ஒவ்வொருவர் மனத்தையும் நம்பியிருக்கவில்லை. ஊர் கூடி நாள் குறித்தது. வீட்டுக்கு ஓராள் மண்வெட்டியுடன் வந்தார். அதுவே குடிமராமத்து. அவ்வழக்கம் தளர்ந்தபின் 1858 இல் சென்னை மாகாணத்தில் அதற்கெனச் சட்டமே இயற்றினர். அச்சட்டம் எண்ணிய பயனைத் தரவில்லை. சட்டத்தால் வராத ஆள், அடுத்த வீட்டார் வாய்க்காலில் இறங்கி நிற்பதைக் கண்டால் வந்துவிடுகிறார் என்பதே நம் துணிபு.

காகிதத் தூர்வாருதலுக்கும் நாம் நாள் குறிக்கலாகாதா? புதிதாக எதுவும் வேண்டுவதில்லை. நெய்த துணியைக் கொடுத்து நூல் பெறவும், கூலி வாங்கவும், உரம் எடுக்கவும் அங்கத்தினர் எப்படியும் சங்கத்துக்கு வருகின்றனர். அப்பொழுதே காரியதரிசி அவர் பக்கத்தைப் புரட்டி, நியமனதாரர் பெயர் உளதா, அவர் உயிருடன் உளாரா என்று கேட்டு, அங்கேயே படிவத்தை நிரப்பிக் கையொப்பம் வாங்கிவிடலாம். சாட்சிக்கும் ஆள் தேட வேண்டியதில்லை; பின்னால் வரிசையில் நிற்பவரே போதும். ஊழியர் குறைவு என்று சிலர் கூறக்கூடும். 300 அங்கத்தினர் உள்ள சங்கத்தில் நாளொன்றுக்கு 5 பேர் என்றால் 60 வேலை நாட்களில் முடிந்துவிடும். பட்டா, இறப்புப் பதிவு முதலியவற்றுக்குச் சங்கம் பொறுப்பேற்க இயலாது; ஆனால் படித்த இளைஞர் ஒருவர் மாதத்தில் ஒரு நாள் சங்கக் கூடத்தில் அமர்ந்து மனுக்களை எழுதித் தரலாம். ஐவர் மனுக்களை ஒருவரே வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றால், நால்வரின் அரை நாள் கூலி மிஞ்சும்.

இதில் நிர்வாக சபையாரையும் நாம் விட்டுவிடப் போவதில்லை. அங்கத்தினர் பதிவேட்டில் இறந்தோர் பெயர்கள் நீக்கப்படாமல் இருக்கும் சங்கங்கள் எத்தனை? உயிருள்ள அங்கத்தினர் தொகையைச் சரியாகச் சொல்ல மாட்டாத சங்கம், அங்கத்தினரைப் பார்த்து உன் பெட்டியை ஒழுங்கு செய் என்பது அழகாகுமா? பதிவேட்டைச் சரிபார்க்கும் வேலையை இம்மாதமே தொடங்கி, எத்தனை பக்கம் முடிந்தது என்பதை மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடலாம்.

அடுத்த கூலி நாளுக்கு வரும் அங்கத்தினர் சங்கப் பாஸ் புத்தகத்தையும் குடும்ப அட்டை, ஆதார் நகல்களையும் கொண்டுவருவாராக. இயலுமாயின் மனைவியையும் உடன் அழைத்து வருவது நலம். எந்தப் படிவத்தில் யார் பெயர் எழுதப்படுகிறது, அந்தப் புத்தகம் வீட்டில் எங்கே வைக்கப்படுகிறது என்பதை அவரும் அறிந்திருக்கட்டும்.