சாதியை வெட்டப் போய் ஆளை வெட்டிய கதை!

மவுண்ட் ரோடு அண்ணா சாலை ஆகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இன்றும் பஸ்ஸில் ஏறுகிறவர்களில் பலர் "மவுண்ட் ரோடு ஒண்ணு கொடுப்பா" என்றுதான் கேட்கிறார்கள். எலியட்ஸ் ரோடு ராதாகிருஷ்ணன் சாலை ஆனது. லாயிட்ஸ் ரோடு அவ்வை சண்முகம் சாலை ஆனது. பெரிய சாலைகளுக்குக் கவலையில்லை. எந்தப் பெயரைச் சொன்னாலும் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விட்டுவிடுவார். திண்டாட்டமெல்லாம் சந்துகளில்தான்.

எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1978-79-ல் தெருப் பெயர்களில் இருந்த சாதிப் பட்டங்களை நீக்கச் சொன்னார்கள். நல்ல காரியம், அதில் சந்தேகமில்லை. செய்த விதம்தான் வேடிக்கை! தியாகராய நகர் டாக்டர் நாயர் சாலையில் 'நாயர்' போய் 'டாக்டர் சாலை' என்று நின்றது. எந்த டாக்டர்? 1916-ல் நீதிக்கட்சி தொடங்கக் காரணமாயிருந்தவர்களில் ஒருவரான டி.எம். நாயர்தான் அவர். சாதி ஆதிக்கத்தை எதிர்த்து மேடை மேடையாக முழங்கியவர். சாதியை எடுக்கிறோம் என்று அவரையே எடுத்துவிட்டார்கள்!

2025 அக்டோபரில் மறுபடியும் ஓர் அரசாணை வந்தது. இம்முறை தெருவோடு குளம் குட்டையும் சேர்த்தி. பழைய தார் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் பழைய கதைதான்.

அடுத்தது மனை போட்டு விற்பவர்கள் வைக்கிற பெயர். மாநகராட்சித் தெருவுக்குப் பெயர் மாற்ற வேண்டுமென்றால் மாமன்றத் தீர்மானம் வேண்டும், அரசு ஒப்புதல் வேண்டும். மனைக்காரருக்கு அந்தத் தொல்லையே கிடையாது. சாமி பெயரோ, சம்சாரத்தின் பெயரோ, படத்தில் எழுதிவிட்டால் தீர்ந்தது. ரோட்டைத் தானப் பத்திரம் எழுதி ஒப்படைக்காமல் போய்விட்டால், "அது தனியார் தெருங்க" என்று அதிகாரி கையை விரிப்பார். விளக்கும் வராது, பெயர்ப் பலகையும் வராது.

ராயப்பேட்டையில் ஒரு பாலாஜி நகர், ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பாலாஜி நகர். 2011-ல் சுற்றியிருந்த நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சிகளைச் சேர்த்து மாநகராட்சியை 200 வார்டாகப் பெரிதாக்கியபோது, ஊருக்கு ஊர் இருந்த காந்தி தெருவும் நேரு தெருவும் ஒரே மாநகராட்சிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. ராத்திரி நெஞ்சுவலி என்று ஆம்புலன்சுக்குப் போன் போட்டால், "எந்த காந்தி தெரு சார்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் நிமிஷம் ஓடிவிடுகிறது.

தெருப் பெயர் மாறினால் ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாவற்றுக்கும் மனுப்போட்டு அலைவது குடியிருப்பவர். கடைக்காரருக்கோ ரப்பர் ஸ்டாம்பிலிருந்து பில் புத்தகம் வரை செலவு. பலகை எழுதியவருக்குக் கூலியோடு வேலை முடிந்தது.

புதுப் பெயர் எழுதுகிற பலகையில் கீழே பழைய பெயரையும் சின்ன எழுத்தில் ஐந்து வருஷமாவது விட்டுவைக்கலாம். வீட்டு வரி ரசீதில் இரண்டு பெயரையும் அச்சடித்தால் அதையே அத்தாட்சியாக மற்ற ஆபீஸ்கள் ஏற்கட்டும். மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும்போதே, அதே பெயர் பக்கத்து வார்டில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு குமாஸ்தாவும் ஒரு பட்டியலும் போதும். அந்தப் பட்டியலை மாநகராட்சி எப்போது எடுக்கப் போகிறது?