தேரும் முட்டுக்கட்டையும்

திருவண்ணாமலை என்றதும் அருணாசலேசுவரர் வீற்றிருக்கும் ஊரை நினைப்பவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்து, குன்றின்மேல் சீனிவாசப் பெருமாள் நிற்கும் சிற்றூருக்கும் அதே பெயர்தான். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அந்த ஊர்ச் சாலை மனிதர்களால் நிரம்பி வழியும். பெட்ரோல் டாங்கின்மேல் படுத்தபடி அந்தக் கூட்டத்தை ஊடுருவிச் செல்லும் பந்தய பைக் ஒன்றையாவது பார்க்காத புரட்டாசி இப்போது இல்லை.

இலக்கிய இதழ்களை வாசிக்கிறவர்களிடம் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கலாம். வகுப்பின் முன்வரிசை காலியாகவும் வாகன நிறுத்தம் நிறைந்தும் இருக்கும் காலம் இது. மாணவர்கள் எதைப் பற்றி மெய்யான ஈடுபாட்டோடு வாதிடுகிறார்கள் என்று கவனிப்பதும் ஆசிரியத் தொழிலின் ஒரு பகுதி என்றே கருதுகிறோம். அவர்கள் வாதிடுவது யமஹா ஆர்15 சிறந்ததா, டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 சிறந்ததா, கேடிஎம் ஆர்சி 390 இவற்றை விழுங்கிவிடுமா, ஏப்ரிலியா ஆர்எஸ் 457 வந்தபின் மற்றவற்றுக்கு இடமுண்டா என்பதைப் பற்றி. பாடபேதம் பார்க்கும் பதிப்பாசிரியருக்குரிய நுணுக்கம் அந்த வாதத்தில் இருக்கிறது. அதே நுணுக்கத்தைத் தேர்வுத்தாளில் காட்டினால் நாமும் மகிழ்வோம். ஆனால் அவர்கள் கையிலிருக்கும் அளவுகோல்கள் இரண்டே இரண்டு: உச்ச வேகம் எவ்வளவு, நூறைத் தொட எத்தனை நொடி. ஆசிரியர் அறையிலோ ஒரே அளவுகோல்தான்: பைக் ஓட்டுகிறவன் உருப்படமாட்டான். இரண்டுமே நமக்கு உடன்பாடில்லை.

தொல்காப்பியர் திணை மயங்குவதைத் தடுக்கவில்லை. ஒரு நிலத்துக்குரிய ஒழுக்கம் இன்னொரு நிலத்தில் நிகழலாம் என்கிறார். நிலமும் நிலமும் மயங்குவதைத்தான் அவர் ஏற்கவில்லை. பந்தயத் தடமும் பொதுச்சாலையும் இரு வேறு நிலங்கள். பந்தயத்தின் உணர்வு சாலைக்கு வரலாம், வரட்டும். சாலையே பந்தயத் தடமாக முடியாது. இந்த வகை வாகனங்களை ஒப்பிட முனைகிறவர் முதலில் கேட்க வேண்டியது எந்த நிலத்துக்கு என்பதைத்தான்.

வாகனம் செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இத்தாலியின் டுகாட்டி நிறுவனம் பானிகாலே வி4 என்ற பைக்கைச் சாலைக்காக 1103 சிசியில் செய்கிறது. அதே குடும்பத்தில் வி4 ஆர் என்பது 998 சிசிதான். உலக சூப்பர்பைக் போட்டியில் நான்கு சிலிண்டர் எந்திரத்துக்கு 1000 சிசி வரம்பு என்பதே காரணம். பந்தயத்துக்கு நெருக்கமான பைக்கின் எந்திரம் சாலை பைக்கினுடையதைவிடச் சிறியது! ‘பெரிய சிசிதான் பெரிய பைக்’ என்னும் நம் ஊர்ச் சூத்திரம் இங்கே நொறுங்குகிறது. கவாசாகி 2015இல் கொண்டுவந்த நிஞ்ஜா எச்2ஆர் சுமார் 310 குதிரைத்திறன் கொண்டது. சாலையில் ஓட்ட அதற்கு அனுமதியே கிடையாது. சாலைக்கென்று வந்த எச்2, அதே சூப்பர்சார்ஜர் எந்திரத்தை ஏறத்தாழ 200 குதிரைத்திறனுக்கு அடக்கிக்கொண்டு வந்தது. யமஹாவோ ஐரோப்பாவில் ஆர்6 பைக்கை 2021 முதலும் ஆர்1 பைக்கை 2025 முதலும் பந்தயத் தடத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டது. புகைக்கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக இரு நிலங்களும் மேலும் விலகிக்கொண்டிருக்கின்றன.

பந்தய பைக்கைச் சாலைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடலாம். கோடுகளற்ற அதன் வழுவழுப்பான டயர் சூடேறினால்தான் தரையைப் பற்றும். அதனால்தான் போட்டிக்கு முன் டயர்களுக்கு மின்கம்பளி போர்த்தி வைக்கிறார்கள். மோட்டோ ஜிபி பைக்கின் கார்பன் பிரேக், கொதிக்கும் சூட்டுக்கு வராதவரை சரியாகப் பிடிக்காது. முகப்பு விளக்கு இல்லை, கண்ணாடி இல்லை, ஹாரன் இல்லை. தாழ்ந்த ஹேண்டில்பார் அதிகம் திரும்பாது. மம்சாபுரத்துச் சந்தொன்றில் அதை வளைத்துத் திருப்ப நான்கு பேர் தேவைப்படுவார்கள்.

இனி நம் பையன்களின் நால்வரைப் பார்ப்போம். யமஹா ஆர்15, 2008இல் வந்தது. இப்போதைய வடிவம் 155 சிசி, 18.4 குதிரைத்திறன், எடை 140 கிலோவைச் சற்றே தாண்டும். அதன் முழுத் திறனும் வெளிப்படுவது நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுழற்சியில். ராஜபாளையம் பேருந்து நிலையத்து நெரிசலில் அந்தச் சுழற்சியை எட்ட நேர்ந்தால் ஓட்டுகிறவர் எங்கோ தவறு செய்கிறார் என்று பொருள். ஆயினும் சட்டகத்தின் நேர்த்தியிலும் வளைவில் அது தரும் நம்பிக்கையிலும், பழகுகிறவனுக்கு இதைவிட நல்ல ஆசான் இல்லை. நால்வரில் மிகக் குறைந்த ஆற்றல் கொண்டதும் இதுவே. இரண்டும் தற்செயலான பொருத்தம் அல்ல.

கேடிஎம் ஆர்சி 390, 2014இல் இங்கு வந்தபோது 373 சிசியில் 43 குதிரைத்திறனைத் தந்தது. வேகம் கூடும் விதத்தில் ஒரு முரட்டுத்தனம், மணிக்கட்டில் வலி, கோடையில் தொடையைச் சுடும் வெப்பம். பந்தயத் தடத்தில் இவை குறைகளே அல்ல. ஏப்ரிலியா ஆர்எஸ் 457 மகாராட்டிரத்தின் பாராமதியில் உருவாகிறது. இரட்டைச் சிலிண்டர், 47.6 குதிரைத்திறன். பந்தயத்துக்கென்று இந்நான்கில் ஒன்றைத் தேரச் சொன்னால் தயங்காமல் இதைத்தான் சொல்வோம். சாலைக்கென்று கேட்டால் தயங்குவோம்.

டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310, 2017 டிசம்பரில் வெளிவந்தது. ஓசூரில் செய்வது, பிஎம்டபிள்யூவுடன் 2013இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் விளைவு. எந்திரத்தைப் பின்னோக்கிச் சாய்த்துப் பொருத்தியிருப்பதால் காற்று முன்னால் நுழைய, புகை பின்னால் வெளியேறுகிறது. தொடக்கத்தில் 34 குதிரைத்திறன். 2024இன் திருத்தத்தில் 38. நம்மைக் கவர்ந்தது அதுவன்று. 2020இல் இதற்கு மழை, நகரம், விளையாட்டு, தடம் என நான்கு ஓட்டுமுறைகள் வந்தன. மழையிலும் நகரத்திலும் எந்திரம் தன் ஆற்றலைத் தானே குறைத்துக்கொள்கிறது. நிலத்துக்கேற்ப ஒழுக்கத்தை மாற்றிக்கொள்ளும் வாகனம்! பந்தயத்திலிருந்து சாலை கற்க வேண்டியது இப்படிப்பட்ட அடக்கத்தைத்தான். சாலைக்கென்று கேட்டால் நம் வாக்கு இதற்கே.

நான்குக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. பின்னிருக்கை கையகலம். நம் ஊர்களில் பைக் என்பது தனிமனிதச் சொத்தன்று, வீட்டின் வாகனம். பின்னால் புடவை கட்டிய தாயார் அமர முடியாத பைக்கை வாங்கத் தாயாரின் நகைதான் அடகுக்குப் போகிறது.

அரசும் தன் பங்குக்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான இருசக்கர வாகனங்களுக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு, அதற்குமேல் 40. ஆர்ஆர் 310 கோட்டுக்கு இப்பால், ஆர்எஸ் 457 அப்பால். எந்திரத்தின் கொள்ளளவை வைத்து ஆடம்பரத்தை அளந்திருக்கிறார்கள். பிரேக்கின் தரத்தையும் டயரின் பிடிப்பையும் வைத்து வரியைக் குறைக்க யாருக்கும் தோன்றவில்லை.

பிரேக் என்றதும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு ஆடிப்பூரத் தேர் நினைவுக்கு வர வேண்டும். தேரிழுப்பதில் வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கானோர். சக்கரத்தருகே நின்று முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சிலரே. தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர்கள்தான். பெருங்கூட்டத்தின் விசையை ஒரு மரத்துண்டால் ஆளத் தெரிந்தவர்கள். நம் பேச்சுமொழி இந்தக் கைவினைக்கு என்ன செய்தது பாருங்கள்: ‘முட்டுக்கட்டை’ என்றால் இன்று நல்ல காரியத்தைத் தடுப்பது என்றாகிவிட்டது. நிறுத்தும் கலையை இழிவாகவும் ஓடும் விசையைப் பெருமையாகவும் நினைக்கிற மனநிலை சொல்லுக்குள்ளேயே புகுந்துவிட்டது.

கணக்கு எளிது. மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்கிறவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்த ஒரு நொடி ஆகிறது என்று வையுங்கள். அதற்குள் 17 மீட்டர் போய்விடும். நல்ல டயர், உலர்ந்த தார், தேர்ந்த கை எல்லாம் இருந்தால் மேலும் 20 மீட்டரில் நிற்கலாம். வேகத்தை 120 ஆக்கினால் முதல் கணக்கு 33 மீட்டர், இரண்டாவது ஏறத்தாழ 80. வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்கு. திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் 744ஆம் எண் நெடுஞ்சாலையின் பழைய இருவழிப் பகுதியில், ஆலைத் தொழிலாளரை ஏற்றிய வேன் ஒன்று திரும்பும்போது நூற்றுப் பதின்மூன்று மீட்டர் காலி இடம் எங்கே கிடைக்கும்? பந்தயத் தடத்தில் வழுக்கினால் சரளைப் படுகை தாங்கிக்கொள்ளும். இங்கே தாங்குவது புளியமரம். மத்திய அரசு 2018இல் அறிவித்த உச்ச வேக வரம்பு, இத்தகைய சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு 60தான். நான்குவழிச் சாலையிலும் விரைவுச் சாலையிலும்கூட 80தான். அப்படியிருக்க, 150இல் எது முந்தும் என்ற ஒப்பீடு யாருக்காக?

2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர் என்கிறது மத்தியப் போக்குவரத்து அமைச்சகம். அவர்களுள் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105உடன் தமிழ்நாடே முதலிடம். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி ஊர் ஊராகப் போகிறது. அதன் தேவை நம் பக்கத்திலேயே வளர்வதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

நம் தலைமுறையினர் இந்த இடத்தில் ‘எங்கள் ஆர்எக்ஸ் 100 காலத்தில்’ என்று தொடங்குவார்கள். 1985இலிருந்து 1996 வரை இங்கு உருவான அந்த 98 சிசி யமஹாவின் மேல் ஒரு காவியக் காதலே உண்டு. சுமார் 100 கிலோ எடைக்கு 11 குதிரைத்திறன், சீறிப் பாயும். நின்றதா என்று அவர்களைக் கேளுங்கள். டிரம் பிரேக், ஒல்லி டயர், தலையில் ஹெல்மெட் இல்லை. 125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம் என்று 2018இல் வந்த விதி காப்பாற்றியிருக்கும் உயிர்களை எந்த நினைவேக்கமும் காப்பாற்றாது.

சத்தத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நிறுவனம் பொருத்திய சைலன்சரைக் கழற்றிவிட்டு இடி முழங்கும் குழாயை மாட்டிக்கொள்வது இப்போதைய வழக்கம். ஞாயிறுகளில் அந்த முழக்கம் செண்பகத்தோப்பு வரை போகிறது. அது சாம்பல் நிற அணில்களின் சரணாலயம். 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியும்கூட. அகநானூற்றின் 4ஆம் பாடலில் குறுங்குடி மருதனார் ஒரு தலைவனைக் காட்டுகிறார். கார்காலம் வந்துவிட்டது, காத்திருப்பவளிடம் அவன் விரைந்தாக வேண்டும். அந்த அவசரத்திலும், பூவில் தேனுண்ணும் வண்டுகள் கலங்கிவிடுமென்று தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். வேகத்தை அவன் துறக்கவில்லை என்பது முக்கியம். அந்த வேகம் பிறரைத் துன்புறுத்த வேண்டியதில்லை என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. (டிவிஎஸ் நிறுவனர் சுந்தரம் ஐயங்காரின் ஊர் திருக்குறுங்குடி. பெயர் ஒற்றுமை இனிக்கிறது. அதற்குமேல் இழுக்க வேண்டியதில்லை.)

ஆக, பையன்களின் ஆசையைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆசைக்கு இடம் வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் 3.7 கிலோமீட்டர்ப் பந்தயத் தடம் இருக்கிறது. கோவை செட்டிப்பாளையத்தில் 2003இல் கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது. முன்னது ராஜபாளையத்திலிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பால், பின்னது 250க்குக் குறையாது. அங்கும் ஆபத்து இல்லாமலில்லை. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டைப் போட்டியில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். ஆனால் அங்கே எதிரே லாரி வராது, மருத்துவர் காத்திருப்பார், பிரேக் எங்கே பிடிக்க வேண்டும் என்று சொல்லித்தர ஆள் இருக்கும். நம் பையன்கள் மூன்று லட்சம் கொடுத்து பைக் வாங்குகிறார்கள். பிரேக் பிடிக்கக் கற்றுக்கொள்ள ஒரு ரூபாய்கூட எவரும் செலவிட்டதில்லை.

சென்னைப் பந்தயக்காரர்கள் இருங்காட்டுக்கோட்டைக்குப் போகுமுன் பல ஆண்டுகள் சோழவரத்தில்தான் ஓட்டினார்கள். அது இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம். காரைக்குடியை ஒட்டிய செட்டிநாட்டிலும் அதே காலத்து ஓடுதளம் ஒன்று உண்டு. அதில் மாதம் ஒரு ஞாயிறு, ஓர் ஆம்புலன்ஸ், வரிசையாக வைக்கோல் கட்டுகள், சொல்லித்தர இரண்டு மூத்த பந்தய வீரர்கள், ஒரு சைலன்சர் மாற்றும் செலவுக்கு மேற்படாத கட்டணம். தென்மாவட்டக் கல்லூரிகள் சேர்ந்து கேட்டால் நடக்காத காரியமன்று. மனு எழுத வேண்டுமானால் தமிழ்த்துறை எழுதித் தரும்.