மந்தாரமும் காமிராவும்

மார்கழி மாதத்தில் வேடந்தாங்கலுக்குப் புறப்படும் குடும்பங்களில் ஒரு வழக்கத்தைக் காண்கிறோம். வானம் மந்தாரமாயிருந்தால், "இன்றைக்குப் படம் நன்றாய் விழாது, வெயில் வரட்டும்" என்று யாராவது ஒருவர் காமிராவை மறுபடியும் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார். நம்முடைய அபிப்பிராயம் இதற்கு நேர் விரோதமானது. அன்றைக்குத்தான் அவசியம் புறப்பட வேண்டும்.

சூரியன் எவ்வளவு பெரிதாயினும் நம் கண்ணுக்கு வானத்தில் ஒரு சிறு வட்டமே. ஒரே இடத்திலிருந்து பாயும் அவ்வொளி, பட்ட இடத்தை வெளிறச் செய்து, படாத இடத்தை மையிருட்டாக விட்டுவிடுகிறது. மேகம் குறுக்கிட்டாலோ வானம் முழுவதுமே விளக்காகிவிடுகிறது. நாலா பக்கத்திலிருந்தும் ஒளி விழுவதால் நிழலின் விளிம்பு கரைந்துபோகிறது.

வேடந்தாங்கல் பட்சிகளுக்கு இவ்வொளியைப்போல் பொருத்தமானது வேறில்லை. கரண்டிவாயன் முழு வெள்ளை. அரிவாள் மூக்கனுக்கு வெள்ளை உடலும் கறுப்புத் தலையும். நத்தைகுத்தி நாரைக்கு வெளிறிய உடலில் கருஞ்சிறகு. உச்சி வெயிலில் இவற்றைப் படம் பிடித்தால், கொடியில் உலர்த்திய வேஷ்டி போல ஒரு வெள்ளைத் திட்டும், அருகே ஒரு கறுப்புத் திட்டுமே மிஞ்சும். மந்தாரத்தில் எடுத்த படத்திலோ இறகின் வரிசைகளை எண்ணலாம். கறுப்புத் தலைக்குள் கண்ணும் தெரியும்.

ஆனால் காமிராவை முழுதும் நம்பிவிடக் கூடாது. கரும்பச்சை இலைகளுக்கு நடுவே ஒரு சிறு வெள்ளைப் பறவை இருந்தால், அந்த இயந்திரம் இலைகளைக் கணக்கிட்டு ஒளியை அதிகமாக உள்ளே விட்டுவிடும். நாம்தான் சற்றுக் குறைக்க வேண்டும். வெளிறிய வானத்தைப் பின்னணியாக்காமல், இலைகளையோ நீரையோ பின்னணியாக வைத்துக்கொள்வது உத்தமம். மேகமூட்டத்தில் வெளிச்சம் குறைவாதலால் கை அசைந்தால் படம் கலங்கும். காமிராவை எதன்மீதாவது ஊன்றிக்கொள்ள வேண்டும். மேகமில்லாத நாளாயின் சூரியோதயத்தை அடுத்த ஒரு மணி நேரமும், அஸ்தமனத்துக்கு முந்திய ஒரு மணி நேரமும் நல்லவை. பனிமூட்டம் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை.

ஸ்ரீ மா. கிருஷ்ணன் (1912–1996) நமது காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையிலேயே படம் பிடித்தார். கறுப்பு வெள்ளைப் படத்தில் குறையை மறைக்க வர்ணம் கிடையாது. யானைத் தோலின் மடிப்பையும் சுருக்கத்தையும் ஒளி ஒன்றே எடுத்துக் காட்ட வேண்டும். நடுப்பகலில் மரநிழலில் நிற்கும் யானையின் உடலெங்கும் வெயில் புள்ளிகள் விழுந்து, அதன் உருவமே சிதறிப்போகும். மேகம் கவிந்தால் அதே யானை முழு யானையாகிவிடும்.

உச்சி வெயிலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்நேரத்தில் தாய்ப் பறவை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்து நிற்கிறது. பறக்கும் படம் வேண்டுமென்று கையைத் தட்டுகிறவர்களும், கல்லெறிகிறவர்களும் அந்தக் குடையைப் பிடுங்கி எறிகிறார்கள். இறகு முளைக்காத குஞ்சு வெயிலில் வாடுகிறது. அவர்களுக்குக் கிடைக்கும் படமோ, மேலே சொன்ன வேஷ்டிதான்!

வேடர் தங்கிய இடம் என்று பெயர் பெற்ற ஊர் அது. ஆனால் அவ்வூரார் பட்சிகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கிறார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் தங்கள் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிவார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது, அவர்கள் கலெக்டரிடம் சென்று முறையிட்டார்கள் என்பது ஊர் வரலாறு. 1798-ல் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனெல் பிளேஸ் துரை அவர்களுடைய உரிமையை அங்கீகரித்தார். துப்பாக்கியைத் தடுத்த அவ்வூராருக்குக் காமிராக்காரர் கல்லெறிந்து கைம்மாறு செய்வதா?

ஆகவே, நடுப்பகலில் காமிராவைப் பையில் வைத்துவிட்டுத் தயிர் சாதத்தைப் பிரிக்கலாம். இரை தேடப் போன கூட்டங்கள் சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் அணி அணியாகத் திரும்புகின்றன. அப்போது யாரும் கை தட்டத் தேவையில்லை.