சத்தம் எங்கே நின்றது?

மேசைக் கணினியில் சத்தம் வரவில்லை என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், பார்த்த மாத்திரத்தில் வருகிற பதில் இது: “போர்டுல சவுண்ட் போயிடுச்சு.” சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றதும் யாரும் மோட்டாரை மாற்றிவிடுவதில்லை. கணினியில் மட்டும் அந்த அவசரம் ஏனோ வந்துவிடுகிறது.

1990களில் சத்தம் வேண்டுமென்றால் தனியாக ஒரு கார்டு வாங்கிச் செருக வேண்டும். சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டர் அந்தக் காலத்து அரசன். பிறகு இன்டெல் 1997இல் ஏசி 97 என்ற தரத்தையும், 2004இல் எச்டி ஆடியோவையும் வகுத்தது. ஒலி மதர்போர்டிலேயே குடியேறிவிட்டது. இன்று பல போர்டுகளில் பின்பக்க ஜாக்குகளுக்குப் பக்கத்தில் நண்டுச் சின்னத்தோடு ஒரு சிறு சில்லு உட்கார்ந்திருக்கும். தைவானின் ரியல்டெக் தயாரிப்பு. எண்களாக வரும் இசையை மின்னலையாக மாற்றுவது அதன் வேலை.

அந்தச் சில்லைச் சந்தேகிப்பதற்கு முன் அது அனுப்பும் ஒலி எந்த வழியாக வெளியே வருகிறது என்று பார்த்துவிடுவது நல்லது. புது மானிட்டரை எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டிய அன்றே ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டதா? எச்டிஎம்ஐ படத்தோடு ஒலியையும் சுமந்து போகும். மானிட்டரில் ஸ்பீக்கரே இல்லாமல் ஒரு ஹெட்போன் ஜாக் மட்டும் இருந்தாலும், விண்டோஸ் சத்தத்தை அங்கே திருப்பிவிடக்கூடும். திரையின் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, பழைய ஸ்பீக்கரை மறுபடி தேர்ந்தெடுத்தால் போதும்.

கேபினெட்டின் முன்பக்க ஜாக் இன்னொரு வகை. அதிலிருந்து வரும் வயர் மதர்போர்டில் 9 ஊசிகள் கொண்ட ஒரு முனையில் செருகப்படுகிறது. ஏசி 97 காலத்துக் கேபினெட்டை எச்டி ஆடியோ போர்டோடு சேர்த்தால், ஹெட்போன் மாட்டியிருக்கிறதா இல்லையா என்பதைப் போர்டு சரியாக அறியாது. முன்பக்கம் வேலை செய்யாமல் போகலாம். ஹெட்போன் எப்போதும் மாட்டியிருப்பதாக நம்பிக்கொண்டு பின்பக்க ஸ்பீக்கரை அது அடைத்துவிடவும் கூடும். ரியல்டெக் மென்பொருளில் முன்பக்க ஜாக்கைக் கண்டறிவதை நிறுத்திவைக்க ஒரு தேர்வு இருப்பது இதற்காகத்தான்.

மென்பொருளே முழுக் குற்றவாளியாக இருந்த நாட்களும் உண்டு. 2018 அக்டோபரில் விண்டோஸ் 10 கணினிகள் சிலவற்றுக்கு, அவற்றுக்குப் பொருந்தாத இன்டெல் ஒலி டிரைவர் ஒன்று விண்டோஸ் அப்டேட் வழியாகத் தவறுதலாகப் போய்ச் சேர்ந்தது. சத்தம் நின்றது. மைக்ரோசாஃப்ட் தவறை ஒப்புக்கொண்டு, அந்த டிரைவரை நீக்கும் வழியை வெளியிட்டது. அந்த நேரத்தில் யாராவது போர்டை மாற்றியிருந்தால், அந்தப் பணம் முழுக்க வீண்.

கோளாறு சில்லிலா மென்பொருளிலா என்று பிரித்தறிய ஒரு நல்ல சோதனை உண்டு. உபுண்டு போன்ற லினக்ஸ் ஒன்றைப் பென்டிரைவில் ஏற்றி, கணினியில் எதையும் நிறுவாமல் அதிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். அங்கே பாட்டுக் கேட்டால் சில்லு உயிரோடு இருக்கிறது, கோளாறு விண்டோஸில். அங்கேயும் கேட்கவில்லையென்றால், போர்டின் அடிப்படை அமைப்பான பயாஸில் ஒலி அணைக்கப்பட்டிருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

சத்தம் வருகிறது, கூடவே ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரமும் வருகிறது என்றால் கதை வேறு. அது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் துடிப்பு. எர்த் சரியில்லாத பிளக் பாயின்ட்டில் அடிக்கடி கேட்கும். மவுஸை நகர்த்தும்போதெல்லாம் ‘கீச்’ என்றால், கணினிக்குள் இருக்கும் மற்ற உறுப்புகளின் மின்னிரைச்சல் ஒலிப்பாதையில் கலக்கிறது. முன்பக்க ஜாக்கை விட்டுப் பின்பக்கப் பச்சை ஜாக்குக்கு மாறினாலே பல நேரம் குறைந்துவிடும்.

பார்வையற்றவர்களுக்கு இந்தக் கோளாறு நம்மில் பலர் நினைப்பதைவிடப் பெரியது. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கர்ரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற இருவர் உருவாக்கி, 2006இலிருந்து இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ, திரையில் உள்ளதைத் தமிழிலும் வாசித்துக் காட்டுகிறது. ஒலி நின்றால் பார்வையற்றவர்களுக்குத் திரையே அணைந்த மாதிரி. ஸ்பீக்கர் படத்தை அழுத்துங்கள் என்று சொல்வதில் பயனில்லை.

அவர்கள் மேசையில் ஒரு யூஎஸ்பி ஹெட்போன் தயாராக இருப்பது அவசியம். அதற்குள்ளேயே தனி சவுண்ட் கார்டு இருப்பதால் மதர்போர்டின் சில்லை அது நம்பியிருப்பதில்லை. செருகியதும் விண்டோஸ் வழக்கமாகச் சத்தத்தை அதற்கு மாற்றிவிடும். பிறகு கன்ட்ரோல், ஆல்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் என்விடிஏ பேசத் தொடங்கும். விண்டோஸில் செய்ய வேண்டிய சோதனைகளை அதற்குப் பிறகு அவர்களே ஒவ்வொன்றாகச் செய்யலாம். சில்லு உண்மையாகவே போயிருந்தால்கூட, அந்த ஹெட்போனிலேயே அன்றைய வேலை ஓடும்.