மறுக்க முடிந்தவனுக்கே பேரம்

வங்கியோடு பழகியவர்களுக்கு ‘டிராஃப்ட்’ என்றதும் வரைவோலையே நினைவுக்கு வரும். கணினியில் பேஸ்பால் மேலாண்மை விளையாட்டில் ஈடுபடும் இளைஞர்களுக்கோ அச்சொல் வேறொன்றைக் குறிக்கும். புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுச் சடங்கு அது. பொழுதுபோக்கு என்று பெரியோர் ஒதுக்கிவிடும் இவ்விளையாட்டில், முதல் வேலைக்குக் காத்திருக்கும் ஒவ்வோர் இளைஞரும் கற்க வேண்டிய பொருளியல் பாடம் ஒன்று உண்டு என்பது நம் கருத்து. பணயம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாம் இங்குக் குறிப்பிடவில்லை. அவற்றை 2025ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்துள்ளது. அவற்றுக்கான பணப்பரிமாற்றத்தை வங்கிகளும் மேற்கொள்ளலாகாது.

மேலாண்மை விளையாட்டில் நாம் மட்டை பிடிப்பதில்லை, பந்து எறிவதுமில்லை. அணியின் பொறுப்பாளராக அமர்ந்து வரவு செலவு பார்க்கிறோம். நம் முறை வரும்போது திறமையுள்ள ஓர் இளைஞனைத் தேர்ந்தெடுக்கிறோம். தேர்ந்தெடுத்த உடனே அவன் நம்மவன் ஆகிவிடுவதில்லை. ஒப்பந்தத்துக்கு அவன் ஒரு தொகை கேட்பான். நாம் குறைத்துச் சொன்னால், “கல்லூரிக்குச் செல்கிறேன்” என்று விலகிவிடுவான். புதிதாக ஆடுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் இடறுகின்றனர். திறமையை எடைபோட்ட அவர்கள், எதிரில் இருப்பவனுக்கு வேறு வழி உண்டா என்பதை எடைபோடத் தவறுகின்றனர்.

இது கற்பனை விதியன்று. அமெரிக்கப் பேஸ்பாலில் இத்தேர்வு முறை 1965இல் தொடங்கியது. 2012 முதல், தொடக்கச் சுற்றுகளின் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மதிப்புத் தொகை குறிக்கப்பட்டு, அவற்றின் கூட்டுத்தொகையே அணியின் செலவு வரம்பு ஆயிற்று. வரம்பை மீறினால் தண்டவரி. பெரிதும் மீறினால் வருங்காலத் தேர்வு உரிமையே பறிபோகும். தேர்வான ஒருவன் கையொப்பமிட மறுத்தால், அவனுக்கு உரிய தொகையும் வரம்பிலிருந்து கழிந்துவிடும்.

2014இல் நிகழ்ந்ததைப் பாருங்கள். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி தன் முதல் தேர்வாகப் பிராடி எய்கன் என்ற பள்ளி மாணவரைத் தெரிந்தெடுத்தது. 65 இலட்சம் டாலருக்கு இசைவு ஏற்பட்டதாகச் செய்தி வந்தது. பின்னர் அவருடைய முழங்கை பற்றிய மருத்துவ ஐயத்தால் அணி தொகையைக் குறைத்தது; இறுதியில் 50 இலட்சம் வரை வந்தது. எய்கன் ஏற்கவில்லை. காலக்கெடு முடிந்தது. அவருக்குரிய தொகை அணியின் வரம்பிலிருந்து மறைந்ததால், ஏறத்தாழ 15 இலட்சம் டாலருக்கு இசைந்திருந்த ஜேக்கப் நிக்ஸ் என்ற மற்றோர் இளைஞருக்கும் அணியால் ஒப்பந்தம் தர முடியவில்லை.

அடுத்த ஆண்டு எய்கன் 17ஆம் இடத்தில் தேர்வாகி, மறுத்ததில் ஏறத்தாழப் பாதித் தொகைக்கே கையொப்பமிட்டார். இழப்பீடாகக் கிடைத்த இரண்டாம் இடத்தில் ஆஸ்ட்ரோஸ் அலெக்ஸ் பிரெக்மனைப் பெற்றது. 2017இல் வாகையும் சூடியது. மறுப்பது எப்போதும் ஆதாயம் தரும் என்று நாம் சொல்லவில்லை என்பதற்கு இதுவே சான்று. மறுப்பு ஓர் ஆயுதம். அதை எடுப்பவன் தன் நிலையை உள்ளபடி அறிந்திருக்க வேண்டும்.

நம் நாட்டில் 2008இல் தொடங்கிய ஐ.பி.எல். ஏலத்தில் ஆட்டக்காரர் அடிப்படை விலையைக் குறிப்பிடலாம். அதன்பின் அவர் பேச இடமில்லை. போட்டியிடும் அணிகளே அவருக்காகப் பேசுகின்றன. தமிழ்நாடு பிரீமியர் லீக் 2023இல் தேர்வு முறையிலிருந்து ஏலத்துக்கு மாறியபோது, கோவை அணி சாய் சுதர்சனை 21.6 இலட்ச ரூபாய்க்கு எடுத்தது. அப்போது ஐ.பி.எல்.லில் குஜராத் அணி அவருக்கு அளித்ததோ 20 இலட்சம். அதே குஜராத் அணி 2025ஆம் ஆண்டுப் போட்டிக்கு அவரை 8.5 கோடிக்குத் தக்கவைத்துக்கொண்டது. விரும்பி அழைப்பவர் பலராகும்போது விலை தானே உயரும்.

இனி நந்திதுர்க்குக்கு வருவோம். கோலார் தங்கவயலின் பெரிய சுரங்கங்களுள் ஒன்று இப்பெயர் தாங்கியது. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தங்கவயல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தனியொருவராக நின்று நிருவாகத்தோடு பேச இயலாதவர்கள், ஒன்றுகூடி ‘மாட்டோம்’ என்றனர். அவர்களின் பேரவலிமை அந்த ஒற்றுமையே. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்று முதல் அவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு வேலை தேடிச் செல்கின்றனர். பாட்டனார் கூட்டமாகப் பேசினார். பேரன் நேர்முகத்தேர்வு அறையில் தனியாக அமர்ந்திருக்கிறான்.

அவன் முன் வைக்கப்படும் பணிநியமனக் கடிதத்தில் சம்பளம் மட்டும் இருப்பதில்லை. இத்தனை ஆண்டுகள் விலகக் கூடாது, விலகினால் இவ்வளவு தொகை கட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் சில இடங்களில் இருக்கும். மூலச் சான்றிதழ்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வோரும் உண்டு. “இரண்டு நாள் அவகாசம் தாருங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்” என்று அவன் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் சொல்வதில்லை. துணிவின்மை அதற்குக் காரணமன்று. அடுத்த மாத வாடகைக்கு வழியில்லாமையே காரணம்.

வங்கிச் சேமிப்பைப் பற்றி நாம் பேச விரும்புவது இந்த இடத்தில்தான். சேமிப்பு என்றால் திருமணம், வீடு, முதுமை என்றே எண்ணிப் பழகிவிட்டோம். இளைஞனுக்கு அது முதற்கண் பேரவலிமை. மாதம் 15,000 ரூபாய் செலவாகும் இல்லத்துக்கு மூன்று மாதச் செலவு 45,000 ரூபாய். மாதம் 2,000 வீதம் தொடர் வைப்புக் கணக்கில் இட்டுவந்தால், வட்டியைச் சேர்க்காமலே இரண்டு ஆண்டுகளில் 48,000 சேரும். அத்தொகை கையில் இருப்பவன் தகாத நிபந்தனைக்கு உடனே தலையசைக்க வேண்டியதில்லை. பேஸ்பால் இளைஞனுக்குக் கல்லூரி எதுவோ, அதுவே இவனுக்கு இந்த வைப்புத்தொகை.

அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்துக்கு மாதம் 2,000 எளிதா என்று கேட்கலாம். எளிதன்று. அவர்களிடம் சேமிக்கச் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிவிடவும் முடியாது; ஊருக்கு அருகிலேயே வேலைவாய்ப்பு பெருகினாலன்றி அவர்களின் பேரநிலை முழுமையாக உயராது. ஆயினும் 500 ரூபாயில் தொடங்கினாலும், ஒரு மாத அவகாசத்தையேனும் அது ஒருநாள் வாங்கித் தரும்.

ஆகவே, பிள்ளைகள் திரையில் அணி நடத்திக்கொண்டிருந்தால் பெற்றோர் ஒருமுறை அருகில் அமர்ந்து கேட்கலாம்: “அந்தப் பையன் ஏன் உன் தொகையை ஏற்கவில்லை?” விடையைப் பிள்ளைகளே சொல்வார்கள். அதன்பின் அவர்கள் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கி, அது எதற்கு என்று விளக்குவதும் எளிதாகும்.