விடப்போற மீனைத் தூக்கிப் பிடித்து போட்டோ எடுக்கலாமா? கூன்முதுகு மஹ்சீருக்கு என்ன ஆபத்து?

தூண்டிலில் பெரிய மீன் மாட்டுது. இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்கிறோம். நண்பர் போனில் நாலு கோணத்தில் படம் எடுக்கிறார். அப்புறம் தண்ணீரில் விட்டுடறோம். மீன் நீந்திப் போயிடுது, ரீல்ஸுக்கு லைக்ஸும் வந்துடுது. இதில் என்ன தப்பு இருக்கு?

மீனுக்கு என்ன ஆகுது?

தூண்டிலோடு போராடிய மீன், வேகமா ஓடிவந்து மூச்சு வாங்குற ஆள் மாதிரி. தண்ணீரை விட்டு வெளியே எடுத்ததும் அதன் செவுளின் மெல்லிய இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மூச்சு தேவைப்படும் நேரத்தில் மூக்கைப் பொத்துவது போலத்தான்.

ரெயின்போ டிரவுட் மீன்களை வைத்து கனடாவில் நடந்த ஆய்வு 1992-ல் வெளியானது. களைக்கும் வரை துரத்தப்பட்ட மீன்களில் 12 சதவீதம் இறந்தன. அதன் பிறகு 30 நொடி காற்றில் வைக்கப்பட்டவற்றில் 38 சதவீதமும், 60 நொடி வைக்கப்பட்டவற்றில் 72 சதவீதமும் இறந்தன. எல்லா மீனுக்கும் இதே கணக்கு பொருந்தாது. ஆனால், நீந்திப் போன மீன் பிழைத்துவிட்டது என்று நம்ப முடியாது.

வெளிநாடுகளில் என்ன விதி?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஆறுகளில், விட்டாக வேண்டிய சால்மன், ஸ்டீல்ஹெட் மீன்களை முழுசா தண்ணீருக்கு வெளியே எடுப்பதே சட்டவிரோதம். ஃபுளோரிடாவில் 40 அங்குலத்துக்கு மேற்பட்ட டார்பன் மீன் தண்ணீரிலேயே இருக்க வேண்டும். போட்டோவுக்குத் தடை இல்லை, தூக்குவதற்குத்தான் தடை.

கொங்கு நாட்டுக்கு என்ன சம்பந்தம்?

இருக்குங்க. காவிரிப் படுகையில் மட்டுமே வாழும் கூன்முதுகு மஹ்சீர், கெண்டை குடும்பத்து ராட்சத மீன். 1946-ல் கபினியில் பிடிபட்ட ஒன்று 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ.

பாம்பாற்றில் கிடைத்த மஹ்சீருக்கு 'டோர் ரெமாதேவி' என்று அறிவியல் பெயர் வைத்தார்கள். கூன்முதுகு மஹ்சீரும் அதே இனம்தான் என்பது 2018-ல் உறுதியானது. அதே ஆண்டு ஐயூசிஎன் இதை 'மிக அருகிய இனம்' என்று அறிவித்தது.

பாம்பாற்றுத் தண்ணீர்தான் உடுமலை பக்கம் அமராவதி அணைக்கு வருது. இந்த மீன் மிஞ்சியிருக்கும் சில இடங்களில் ஒன்றான மாயாறு, பவானிசாகர் அணையில் சேருது.

நம்ம சட்டம் என்ன சொல்லுது?

மாயாறு முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகப் பகுதிகளில் ஓடுது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் போய் படம் எடுக்கவே அனுமதி வாங்க வேண்டும் (பிரிவு 28). அனுமதியில்லாமல் அங்குள்ள உயிரினத்தை எடுக்கக் கூடாது (பிரிவு 29). அதனால் அங்கே 'பிடிச்சு விட்டுட்டேன்' என்பது தப்பிக்க வழி இல்லை. உங்க போட்டோவே சாட்சியாகிடும். ஆனால் இந்தப் பிரிவுகளில் எத்தனை நொடி தூக்கலாம் என்ற பேச்சே இல்லை. காப்பகத்துக்கு வெளியே, மீன்பிடிக்க அனுமதி உள்ள இடங்களில் அது நம்ம பொறுப்புதான்.

அப்போ போட்டோவே வேண்டாமா?

அப்படி இல்லை. கூன்முதுகு மஹ்சீரை அடையாளம் காண பழைய தூண்டில்காரர்களின் படங்கள் உதவின. கர்நாடகத்தின் காலிபோர் முகாமில் 1998 முதல் 2012 வரை பிடித்து விட்ட மீன்களின் பதிவேடுதான் இந்த இனம் குறைந்துகொண்டே வந்ததைக் காட்டியது. குஜராத்தில் வலையில் சிக்கும் திமிங்கலச் சுறாவை வலையை அறுத்து விடும் மீனவர்கள், அதைப் படம் எடுத்துக் காட்டி வலைக்கு இழப்பீடு வாங்குகிறார்கள். அங்கே சுறா கடலிலேயேதான் இருக்கு.

எப்படி எடுக்கணும்?

* மீன் கரைக்கு வரும் முன்பே கேமராவைத் தயாரா வையுங்க.
* மீன் தண்ணீரில் இருக்கும்போதே படம் எடுங்க.
* கையை நனைச்சுட்டுத் தொடுங்க. உலர்ந்த கை மீனின் வழுவழுப்புப் பூச்சை உரிச்சிடும்.
* செவுளைப் பிடிச்சுத் தொங்கவிடாதீங்க.
* அரிய மீன் என்றால் இடத்தின் பெயரைப் பதிவில் போடாதீங்க. வெடி வைத்துப் பிடிப்பவர்களுக்கு அதுவே வழிகாட்டி.

படம் கொஞ்சம் கலங்கலா வந்தாலும் பரவாயில்லை. அடுத்த முறை படம் எடுக்க மாயாற்றில் மீன் இருக்கணும்.