கயிலைக்குப் புறப்படுமுன்

ஓசூரில் மரகதாம்பாள் உடனுறை சந்திரசூடேஸ்வரர் எழுந்தருளியுள்ள மலைக்குப் பொழுது புலரும் வேளையில் படியேறுவோரில் பலர் அறுபதைக் கடந்தவர்கள். அவர்களுள் ஒரு தம்பதியர். கணவர் தொழிற்சாலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்; வயது 69. கயிலை மலையை வலம் வரவேண்டும் என்பது அவருடைய நாற்பதாண்டு வேட்கை. மனைவிக்கு இரத்த அழுத்தம் உண்டு; அவரால் அப்பயணம் மேற்கொள்ள இயலாது.

இந்திய அரசின் வெளியுறவு அமைச்சகம் 1981 முதல் கயிலாய மானசரோவர் யாத்திரையை நடத்தி வருகிறது. 2020 முதல் தடைபட்டிருந்த யாத்திரை 2025-இல் மீண்டும் தொடங்கியது. உத்தராகண்டின் லிபுலேக் கணவாய் வழியாக 5 குழுக்கள், சிக்கிமின் நாதுலா கணவாய் வழியாக 10 குழுக்கள், குழுவுக்கு 50 பேர் என அவ்வாண்டு 750 பேருக்கு இடம் ஒதுக்கப்பட்டது. விண்ணப்பித்தோரிலிருந்து கணினிக் குலுக்கல் முறையில் யாத்திரிகர்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர்.

விண்ணப்பிக்கச் சில தகுதிகள் தேவை. அவ்வாண்டு சனவரி முதல் நாளன்று வயது 70-ஐக் கடந்திருக்கக் கூடாது. கடவுச்சீட்டு செப்டம்பர் முதல் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். பி.எம்.ஐ. எனப்படும் உடல் எடைக் குறியீடு 25-ஐத் தாண்டலாகாது. ஓசூர் அன்பரின் உயரம் 165 செ.மீ., எடை 74 கிலோ, குறியீடு 27. எடை 68 கிலோவாகக் குறைந்தால்தான் அவர் தகுதி பெறுவார். அதற்காகவே நாள்தோறும் மலைப்படி ஏறத் தொடங்கினார். இரவுச் சோற்றை விட்டார். ஆறு மாதத்தில் ஆறு கிலோ குறைந்தது.

ஆயினும் மருத்துவர் ஓர் உண்மையைச் சொன்னார்: "படியேறுவது காலுக்கும் நெஞ்சுக்கும் வலிமை தரும், உயரத்தைத் தாங்கும் ஆற்றலைத் தராது." ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. மானசரோவர் ஏறத்தாழ 4,590 மீட்டர். கயிலை வலத்தில் கடக்க வேண்டிய டோல்மா கணவாய் ஏறத்தாழ 5,630 மீட்டர். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் பாதியளவே. நாள்தோறும் உடற்பயிற்சி செய்யும் இளைஞரும் அங்கே தளர்ந்து போவதுண்டு. மெலிந்த முதியவர் தாங்கிக்கொள்வதும் உண்டு. யாரை அது தாக்கும் என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை.

ஆகவே மெல்ல ஏறுவதே முதற்காப்பு. 3,000 மீட்டருக்கு மேல், இரவில் தங்கும் இடத்தின் உயரம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடாதிருப்பது நலம். மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை ஒருநாள் ஓய்வும் வேண்டும். தலைவலி, குமட்டல், உறக்கமின்மை ஆகியவை முதல் எச்சரிக்கைகள். இவை தோன்றினால் மேலே ஏறலாகாது. அமர்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், நடை தள்ளாடினாலும், பேச்சுக் குழறினாலும் உடனே கீழே இறங்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருத்தல் உயிருக்கே கேடாகும். மாத்திரைகள் எவற்றையும் மருத்துவர் சொல்லாமல் உட்கொள்ளுதல் கூடாது.

மலைவலம் ஏறத்தாழ 52 கிலோமீட்டர்; மூன்று நாள் நடை. தார்ச்சென்னில் தொடங்கி முதல் நாள் திராபுக் வரை செல்வர். இரண்டாம் நாள் டோல்மா கணவாயைக் கடக்கும் நாள், அதுவே கடினமானது. மூன்றாம் நாள் இறங்குமுகம். கணவாயில் பிற்பகலில் காற்றும் பனியும் மிகலாம் என்பதால் விடியுமுன்னரே புறப்படுவர்.

பொருட்செலவும் சிறிதன்று. 2025-இல் லிபுலேக் வழிக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் இலட்சமும், நாதுலா வழிக்கு இரண்டே முக்கால் இலட்சத்துக்கு மேலும் மதிப்பிடப்பட்டது. தமிழக அரசின் அறநிலையத் துறை வழங்கும் மானியத்துக்கும் விண்ணப்பிக்கலாம். நேபாளம் வழியாகத் தனியார் ஏற்பாட்டில் செல்வோர் கூடுதல் நாள்களையும் கூடுதல் பணத்தையும் கையில் வைத்திருத்தல் இன்றியமையாதது. 2018 சூலையில் மோசமான வானிலையால் சிமிகோட், ஹில்சா ஆகிய இடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய யாத்திரிகர்கள் பல நாள் சிக்கித் தவித்தனர்.

தாள்களை நிரப்பும் வேளை வந்தது. கணவர் சொல்லச் சொல்ல மனைவி எழுதிக்கொண்டே வந்தார். பொறுப்புறுதிப் பத்திரம், ஆபத்தில் ஹெலிகாப்டரில் மீட்கப்பட ஒப்புதல் ஆகியவற்றின் பின் மூன்றாவது தாள் இருந்தது. சீன எல்லைக்குள் மரணம் நேர்ந்தால் உடலை அங்கேயே தகனம் செய்ய ஒப்புதல் தரும் தாள் அது. மனைவி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பெங்களூரிலிருந்து வந்திருந்த மகன், "அப்பா, இது வேண்டாம்" என்றான். கயிலையில் உயிர் போனால் அது பெரும்பேறு என்று சொல்ல வாயெடுத்த தந்தை, மனைவியின் முகத்தைக் கண்டு அமைதியானார்.

மறுநாள் விடியலில் மலைக்கோயில் சந்நிதியில் அந்த அம்மையார் சொன்னார்: "நீங்கள் போய் வாருங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் உடம்பு இறங்கச் சொன்னால் இறங்கிவிட வேண்டும். கணவாய் இன்னும் நூறடிதான் என்றாலும் திரும்பிவிட வேண்டும். அந்த வாக்கைச் சுவாமி முன்னால் கொடுங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள்."

இதைக் கேட்போர்க்கு நாவுக்கரசர் பெருமான் நினைவுக்கு வருவார். கால் தேய்ந்து, கையும் தேய்ந்து, மார்பால் உந்தியும் கயிலைக்குச் சென்றவர் அவர். காணாமல் மீளேன் என்று உறுதி பூண்டவரையும் இறைவன் பொய்கையில் மூழ்கப் பணித்துத் திருவையாற்றில் எழச் செய்தான் என்கிறது பெரியபுராணம். பணித்தவன் சொற்படி அவர் மூழ்கினார்; காவிரிக் கரையிலேயே கயிலைக் காட்சி பெற்றார். அங்கே அவர் கண்டது உயிர்களெல்லாம் இணை இணையாக வரும் காட்சி. ஆடி அமாவாசைதோறும் ஐயாறப்பர் கோயிலில் அவ்விழா இன்றும் நடைபெறுகிறது. கயிலையைக் கருதிய பக்தர் வழியில் திரும்ப நேர்ந்தால் அது தோல்வியன்று என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமா?

ஓசூர் அன்பர் வாக்குக் கொடுத்தார். மூன்றாவது தாளிலும் கையெழுத்திட்டார். குலுக்கலில் பெயர் வந்தால் அவர் கயிலைக்கும், அம்மையார் ஆடி அமாவாசையன்று திருவையாற்றுக்கும் செல்வதென முடிவாயிற்று. பெயர் வராவிடின் இருவருமே திருவையாறு செல்வர். அதற்கு எடைக் கட்டுப்பாடு இல்லை என்று அம்மையார் சொல்ல, நெடுநாளைக்குப் பின் அவ்வீட்டில் சிரிப்பொலி கேட்டது.